உடன் இருந்த பொருட்கள்

மார்ச் 3, செவ்வாய்

தங்கை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மனநலப் பிரிவில் பத்து நாள். மாப்பிள்ளை பிரிந்து போய் நாலு மாதம், வேலை போய் இரண்டு மாதம். சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போய்த்தான் சேர்த்தோம். இன்று காலை எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தாள். "நல்லாத்தான் இருக்கேன்க்கா." சிரிப்பு வேறு.

யாராவது நல்லாத்தான் இருக்கேன் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. என் புத்தி அப்படி. பால்காரர் சிரித்தாலே இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிறவள் நான்.

மார்ச் 4, புதன்

ஒரு ஃபைல். ஆண், முப்பத்தாறு வயது, தற்கொலை. போலீஸ் அறிக்கையையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் படித்து ஒரே படிவத்தில் கட்டம் கட்டமாகக் குறிப்பதுதான் என் வேலை. கொலை, தற்கொலை, விபத்து எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பெயர் போய் எண் ஆகும். இந்தக் கணக்கை வைத்து அடுத்த ஆளைக் காப்பாற்றலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஒன்பது வருடமாகிறது, யாரைக் காப்பாற்றினோம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

போலீஸ் அறிக்கையின் கடைசியில் "உடன் இருந்த பொருட்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதற்கு நம் படிவத்தில் கட்டம் கிடையாது, அதனால் யாரும் படிப்பதில்லை. இன்று படித்தேன். சீப்பு ஒன்று. சாவி ஒன்று. பஸ் டிக்கெட் ஒன்று. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று: வீடு திரும்பிய நாள், மறுபடி வரவேண்டிய நாள். நடுவில் ஆறு வாரம்.

தங்கைக்கும் அதே ஆஸ்பத்திரிச் சீட்டு, அதே ஆறு வாரம்தான். ஏப்ரல் 13.

மார்ச் 5, வியாழன்

ஒரு வருடத்து ஃபைல்களையும் இறக்கினேன். தற்கொலை நாற்பத்தொன்று. பதினோரு பேரிடம் அதே சீட்டு. அதில் ஒன்பது பேர் வீடு திரும்பிய பத்து நாளுக்குள் போய்விட்டார்கள். சீட்டில் இருந்த தேதியை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முத்திரையிடம் காட்டினேன். எங்கள் அதிகாரிதான். எதைக் கொடுத்தாலும் படிக்காமலே முத்திரை குத்துவார் என்பதால் அந்தப் பெயர். இதை மட்டும் இரண்டு முறை படித்தார். "கட்டம் இல்லாத விஷயத்தை ஏன்மா நோண்டுறீங்க?" என்றார். முகம் சரியில்லை.

மார்ச் 6, வெள்ளி

தாளைக் காணோம்! மேஜையில் கனமான பஞ்சிங் மெஷினுக்கு அடியில் வைத்திருந்தேன். மெஷின் இருக்கிறது, தாள் இல்லை. முத்திரையும் இன்று ஆபீஸுக்கு வரவில்லை.

பியூனிடம் பேச்சுக்கொடுத்தேன். முத்திரையின் சகலை அந்த ஆஸ்பத்திரியில்தான் பெரிய டாக்டராம். அப்படிப் போகுதா கதை! சகலையின் மானம் கப்பலேறக்கூடாது, அதற்குப் பதினோரு உயிரை அமுக்கிவிடலாம். நல்லா இருங்கய்யா.

மார்ச் 7, சனி

தங்கை தன் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டாள். "நீயே வெச்சுக்கோக்கா. எனக்கெதுக்கு மணி பார்க்கணும்?"

தன் பொருளைப் பிறருக்குக் கொடுத்தாரா – நம் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது.

அவள் குளிக்கப் போனபோது அவள் பையைத் திறந்தேன். திருடி மாதிரி. சீப்பு. சாவி. பஸ் டிக்கெட். சீட்டு.

என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் – ஆபீஸ் பையிலிருந்து வெற்றுப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். வேலை இழப்பு, ஆம். பிரிவு, ஆம். சமீபத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாரா, ஆம். கட்டம் கட்டமாக டிக் அடித்தேன். அடிக்க அடிக்க மனசு கொஞ்சம் அடங்கியது. என்ன பிறவி நான்?

மார்ச் 8, ஞாயிறு

அவள் பார்த்துவிட்டாள்.

கடைக்குப் போய்விட்டு வருகிறேன், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறாள். அழவில்லை, கத்தவில்லை. "இறந்த தேதி மட்டும் காலியா இருக்கு. அதை நான் போடணுமாக்கா?"

ஐயோ. என்னோடது படிச்சுத் தெரிஞ்சுக்கிற புத்தி, கேட்டுத் தெரிஞ்சுக்கிற புத்தி இல்ல. உயிரோட இருக்கிறவ பக்கத்துல உட்கார்ந்திருக்கா, நான் ஃபைலைப் புரட்டுறேன்! கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா என்று பயம் வேறு. அப்படி ஆகாது என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவருக்கென்றால் நானே சொல்வேன்.

கேட்டுவிட்டேன். "சாகணும்னு தோணுதா?"

"தோணுது." படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "ஆறு நாளா நீ என் மூஞ்சியைப் பார்க்கிற, பையைப் பார்க்கிற. வாயைத் திறந்து கேக்க மாட்டேங்கிற. நானா எப்படிச் சொல்றது?"

என் மடியில் படுத்து அழுதாள். நானும் அழுதேன். நாளைக்கே ஆஸ்பத்திரி. ஆறு வாரமாவது மண்ணாங்கட்டியாவது.

மார்ச் 9, திங்கள்

தேதி இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றாள் சீட்டுக் கொடுக்கிறவள். ஒரு சத்தம் போட்டேன், வராந்தாவே திரும்பியது. டாக்டர் உடனே பார்த்தார். எல்லாவற்றையும் அவளே சொன்னாள், நான் வாயைத் திறக்கவில்லை. இனி வாரம் இரண்டு தடவை வரவேண்டும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட ஒரு நம்பர். "ஆறு வாரம்னு யாருங்க வெச்சது?" என்று கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்" என்றார். தான் சொன்னது அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

மார்ச் 11, புதன்

முத்திரை கூப்பிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மேஜையில் என் தாள்! ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை.

"வெள்ளிக்கிழமை நான்தான் எடுத்துட்டுப் போனேன். சகலைகிட்ட ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. இதுக்காக அவர் வாசல்ல போய் நின்னேன்மா."

வரும் திங்கள் முதல், வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் மூன்றாம் நாள் நர்ஸ் போன் செய்வாள், ஏழாம் நாள் நேரில் பார்ப்பார்கள். நம் படிவத்திலும் புதுக் கட்டம் ஒன்று.

சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்டால் எதைச் சொல்வது? கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நிஜமாகவே போன் செய்கிறார்களா என்று ஆஸ்பத்திரிக்கே போய் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினாலு பேர், பதினாலு போன். மூன்று பேரை உடனே வரச்சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே மையில் இருந்தது, அதனால் நர்ஸையும் விசாரித்தேன். உண்மைதான்.

மார்ச் 29, ஞாயிறு

மோசமான நாள். எழுந்திருக்கவே இல்லை அவள். கேட்டேன். சொன்னாள். நம்பருக்குக் கூப்பிட்டோம்.

ஏப்ரல் 13, திங்கள்

பழைய சீட்டின் தேதி. ஃபைலில் இருந்த பதினோரு பேரும் பார்க்காத நாள்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, பையில சீப்பு இருக்கு, எடு" என்றாள். நான் தயங்கினேன். "திறக்கத் தெரியாத மாதிரி நடிக்காத!" என்றாள்.

சீப்பு ஒன்று. சாவி ஒன்று. நேற்றைய பஸ் டிக்கெட் இரண்டு, போக ஒன்று, வர ஒன்று. சீட்டு ஒன்று, நிறைய தேதிகளோடு.

சீப்பைக் கொடுத்தேன். கையை நீட்டியபடியே நின்றாள்.

"வாட்சையும் குடு. டாக்டர் பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்கார். ஒரு மாசமா ஓசியில கட்டிட்டுத் திரியுற."

கழற்றிக் கொடுத்தேன். திமிரைப் பாரேன் அவளுக்கு!