திரும்பி வந்தவர் குழம்பு

10 ஜூலை, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஊறவைத்த மொச்சை போதவில்லை. வியாழன் என்றால் கோயில் கூட்டம் வரும் என்று தெரிந்தும் வாராவாரம் இதே தப்பு. சாந்தி திட்டினாள். சமையலில் பாதி அவள் கை, திட்டட்டும்.

வாங்க: புளி, வாழை இலை, அப்பாவுக்கு இன்ஹேலர், ஆணி இரண்டு.

ஞாயிறு வீடியோக்காரர்கள் வருகிறார்கள். விவேக் நகரில் அவர்கள் எடுக்கும் முதல் கடை இதுதானாம். அவர்களுக்கு வேண்டியது தங்கவயல், சுரங்கக்காரர்களின் லைன் வீடு, அப்பா, அப்பாவின் கதை. குழம்புக்குக் கடைசியில் ஒரு நிமிஷம்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள், கையில் மெழுகுவர்த்திப் பை. குழம்பு ஊற்றிய இலையை அப்படியே விட்டுவிட்டு மெனு அட்டையின் பின்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான் எழுதியதுதான். சுரங்கத்தில் பாறை சரிந்தது. அப்பாவின் டோக்கன் நம்பரைச் சொல்லி, அவர் போய்விட்டார் என்று ஆபீஸில் அறிவித்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அதனால் இரண்டு வீடு தள்ளி இருந்த பெண் சோறும் மொச்சைப் புளிக்குழம்பும் ஆக்கிக்கொண்டு வந்தாள். சாயந்திரம் அப்பா உயிரோடு நடந்து வந்தார். தன் சாவுக்கு வந்த சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டார். அதே குழம்பு இன்று உங்கள் இலையில்.

கடைசி இரண்டு வரிகளைப் போட்டோ எடுக்காதவர்கள் குறைவு.

அந்தப் பெண் அட்டையில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "இந்தக் கொழம்பு வச்சது எங்கம்மா."

எனக்கு ஒரே சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெயர் ஜெசிந்தா. அடுகோடியில் இருக்கிறாள். அப்பாவை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். வீடியோவுக்கு இவளையும் கூப்பிடலாம் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன். இப்போது எழுதவே கூசுகிறது.

"வேணாங்க. உங்கப்பா டோக்கன எடுத்துக்கினு கீழ போனது எங்கப்பா."

சத்தம் போடவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயதாம். சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாளாம். அப்பா சாப்பிட்டதைப் பார்த்தாளாம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான், கீழே இருப்பது அவள் அப்பா அந்தோணி என்று சொன்னாராம். அம்மா லூர்துமேரி இன்னும் அதே லைன் வீட்டில்தான்.

ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து போனாள். இலையை நானே எடுத்தேன்.

11, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க ஒன்பது இலை போட்டேன். சாந்தி பார்த்தாள். இரண்டாம் பந்தியிலும் அப்படியே.

யார் கீழே போனது என்று நான் கேட்டதே இல்லை. நாற்பது வருஷம். எனக்கு அப்போது ஐந்து வயது, அதுவரைக்கும் சரி. அப்புறம்? ஆபீஸில் ஏதோ குளறுபடி என்றுதான் வீட்டில் பேச்சு. அம்மா சாகும்வரை மாதா செய்த அற்புதம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே இறங்குகிறவன் பித்தளை டோக்கனை எடுத்துப் போவான், ஏறி வந்தால் பலகையில் மாட்டுவான். மாட்டாத நம்பர் என்றால் ஆள் கீழே. இதை ஐ.டி. பிள்ளைகளுக்கு நானே எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன். அந்த நம்பர் கீழே போனது என்றால் அதை எடுத்துப் போக ஒரு கை வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மணிக்குக் கடை காலியானதும் அப்பாவிடம் கேட்டேன். பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுரங்கத் தூசு தின்ற நுரையீரல், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இளைப்பு.

அன்று பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் இன்டர்வியூ. லீவு கிடைக்கவில்லை. அந்தோணிக்கு அன்று லீவு. வீட்டில்கூடச் சொல்லாமல் இவர் டோக்கனில் இறங்கினார். தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். அதற்கு முன்னாலும் இரண்டு மூன்று தடவை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். ரயிலை விட்டு இறங்கியதுமே, ஸ்டேஷனில் இவரைப் பார்த்து ஒருவன் அலறினானாம்.

"தெரிஞ்சிமா சாப்ட்ட?"

"லூர்து போட்டுக்கினே இருந்தா."

அவ்வளவுதான் பதில். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். அவர் எதற்குப் போனாரோ அந்த வேலை கிடைத்தது. அதில்தான் நான் படித்தேன். பெங்களூர், கடை, எல்லாம் அதிலிருந்து வந்தது.

12, சனி

காலையில் வெயில், மாலையில் நல்ல மழை. இலைக்காரர் வரவில்லை.

சாந்தியிடம் சொன்னேன். ஸ்ரீராம்புரத்துக்காரி, எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கதை சாப்பாட்டுக்கு வந்ததா, சாப்பாடு கதைக்கு வந்ததா என்று கேட்டாள். பிறகு அவளே, பாதிக் கன்னடத்தில், "சும்னே இரு. வீடியோவ மட்டும் நிறுத்தாத" என்றாள்.

என் புத்தியும் அங்கேதான் போகிறது. ஜெசிந்தா ஒருத்திக்குத்தானே தெரியும். அவள் வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள். இப்படியெல்லாம் யோசிக்கிறேன், அடுப்பைப் பார்த்தபடி. வெட்கமாக இருக்கிறது.

குழம்பு வாசம் முடியிலிருந்து போகவில்லை. இரண்டு தடவை சீயக்காய் தேய்த்தாயிற்று.

இன்றும் ஒன்பது இலை. ஒன்பதாவதை எடுக்க மனம் வரவில்லை. அந்த இடத்தில் யாரையும் உட்காரவும் விடவில்லை. "ரிசர்வ்டா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டது. ஆமாம் என்றேன்.

அப்பா மதியத் தூக்கத்தில் பேசினார். "டோக்கன மாட்டிட்டியா?" யாரிடம் என்று இப்போது தெரிகிறது. இத்தனை நாள், பழைய வேலை ஞாபகம் என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

13, ஞாயிறு

வானம் மூட்டம். திருப்பலிக்குப் போகவில்லை.

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண், இரண்டு விளக்கு, ஒரு மைக். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, குழம்பை மட்டும் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. பித்தான் மாறிப் போட்டிருந்தார்.

தாத்தா, ரிலாக்ஸா சொல்லுங்க, எப்பவும் சொல்ற மாதிரி, என்றது அந்தப் பெண்.

அப்பா கேமராவையே பார்த்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"அந்தோணி" என்றார். அந்தப் பையன் என்னைப் பார்த்து, அந்தோணி யாரு, உங்க தாத்தாவா என்று கேட்டான்.

விளக்கை அணைக்கச் சொன்னேன். அவர்கள் நல்ல பிள்ளைகள், சண்டை போடவில்லை. கதை ரெடியானதும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா சட்டையைக் கழற்ற விடவில்லை. சாயந்திரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

14, திங்கள்

கடைக்கு லீவு. கண்டோன்மென்டில் ஏறி மாரிக்குப்பம் ரயில். எதிர்ப்பக்கம் வருகிற ரயில்தான் நெரிசல், எல்லாம் தங்கவயலிலிருந்து வேலைக்கு வருகிற சனம். நான் போன பெட்டி காலி. அன்று அப்பா திரும்பிப் போனதும் இந்த வழியாகத்தான். அதை நினைத்தபிறகு ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டிலிருந்து காற்றில் தூசு. லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. எங்கள் வீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் லூர்து அத்தை என்னைப் பார்த்ததுமே, "ஆரோக்கியசாமி பொண்ணா? வா" என்றார். ஜெசிந்தா போனில் சொல்லியிருக்கிறாள். எழுபது வயதுக்கு மேல். ஒல்லி. கண் நன்றாகத் தெரிகிறது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன், அழத்தான் முடிந்தது. அவர் அழவில்லை. நான் கொண்டுபோன மெனு அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார். குழம்பில் பூண்டு போடுகிறேனா என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். சாவு வீட்டுக்கு நான் பூண்டு போடவில்லை என்றார்.

ஆபீஸ் கணக்கில் அந்தோணி அன்று லீவு. அதனால் செத்தவர் பட்டியலில் பேர் கிடையாது. செத்தவர்களுக்கு வைத்த கல்லில் பெயர் வெட்டினார்கள், அதிலும் கிடையாது. அட்டையில் என்ன எழுதட்டும், எடுத்துவிடட்டுமா, கடையை மூடட்டுமா, என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றேன்.

"கடைய ஏன் மூட்ற. அவரு பேரு போடு. எங்கியாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்."

கிளம்பும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்துப் போனதைக் கேட்டுவிட்டேன். தெரிந்தும் சாப்பிட்டாரே, அத்தை. உங்கள் கையாலேயே.

முறத்தைக் கீழே வைத்தார்.

"உங்கப்பன் வாசல்ல வந்து நின்னதுமே எனக்குப் புரிஞ்சிப்போச்சி. இவன் இங்க நிக்கிறான்னா கீழ யாரு? ரெண்டு பேரும் மாத்திக்கறது எனக்குத் தெரியாதா. எல்லாரும் மாதாவே மாதாவேன்னு கத்தறாங்க, அவன் என்னியே பாக்கறான். வாயத் தொறக்கப் போறான். நான் தட்டப் போட்டுச் சோத்த வச்சேன். சாப்புடுன்னேன். அவன் சாப்புட்ற வரைக்கும் எங்கூட்டுக்காரரு உசுரோட இருந்தாரு. மூணு தபா போட்டேன். நாலாவது தபா தட்டு மேல கைய வச்சிட்டான்."

அப்புறம் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

15, செவ்வாய்

மழை. மொச்சை நேற்றே ஊறவைத்தது, சரியாக இருந்தது. பூண்டு போடவில்லை.

அட்டைகளில் பழையதை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன். அந்தோணி, லூர்துமேரியின் கணவர், ஆரோக்கியசாமியின் டோக்கனில் கீழே இறங்கினார், ஏறி வரவில்லை. முப்பது அட்டை. அப்பா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து அடுக்கி வைத்தார்.

எட்டுப் பேர், எட்டு இலை.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றப் போனேன். போதும் என்று இலைக்கு மேல் கையை வைத்தார். கரண்டியோடு நின்றேன். அவர் கையை எடுக்கவில்லை.