மூன்று விரல்கடை இரும்பு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை, என் உடம்புக்குக் குறைவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாடி ஏறுவதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. மாமாவின் கை உடைந்தது விபத்து என்று உனக்குச் சொல்லியிருப்பாள். அது பாதிதான்.

பாய்லருக்குக் காற்று ஊதும் பெரிய ஃபேனை அதிராமல் சுற்றும்படி நான்தான் பேலன்ஸ் செய்தேன். கிராம் கிராமாக எடை வைத்து, எடுத்து, மறுபடி ஓட்டிப் பார்த்து, முழுதாக இரண்டு நாள் வேலை. தண்டும் ஃபேனும் சேர்ந்து சுற்ற இடையில் ஒரு இரும்புக் கட்டை அடிப்பார்கள், கீ என்போம், அதன் எடையையும் கணக்கில் சேர்த்துத்தான் செய்வது. எவ்வளவு நீளம் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். அசெம்ப்ளி உன் மாமாவின் பொறுப்பு. அத்தானுக்கு ஆட்களை நடத்தத் தெரியாது என்று மேனேஜரிடம் சொல்லி, ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவன், நான் எழுதியதை ஏன் படிக்கப்போகிறான்? கைக்குக் கிடைத்த கீயை அடித்துவிட்டார்கள். மூன்று விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அதிகப்படி எடையில் முதல் நாளே ஃபேன் உதறியது. என் பேலன்ஸிங் சரியில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அன்று மதியம் தண்டின் மேல் மூடியைக் கழற்றியிருந்தபோது குனிந்து பார்த்தேன், கீ கண்ணில் பட்டது. நீட்டியதை அறுத்தெறிய ஒரு மணி நேரம் போதும். நான் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடித்து என்னிடம் வந்து நிற்கட்டும் என்று இருந்தேன். அவனோ எடையை ஒட்டினான், பேரிங்கை மாற்றினான், போல்ட்டை இறுக்கினான். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள். பதினோராம் நாள் அதிர்வில் போல்ட் தளர்ந்து மூடி பிய்த்துக்கொண்டு அடித்தது. பக்கத்தில் நின்றவன் அவன்தான். வலது மணிக்கட்டு இனி பழையபடி மடங்காது என்கிறார் டாக்டர்.

விசாரணைக்குக் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வந்திருந்தான். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவன் முந்திக்கொண்டான். "கீயை அளக்காதது நான் சார். அத்தானுக்கு எப்படித் தெரியும்?" அன்று நான் குனிந்து பார்த்தபோது என் தோளுக்குப் பின்னால் நின்றவன் அவன், கீ அவன் கண்ணில் படாவிட்டாலும் நான் பார்த்தது தெரியும். நான் மறுக்கவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கீயை அறுத்து மாட்டிய பிறகு ஓடும் ஃபேனின் பேரிங் மேல் காசை நிமிர்த்தி வைத்தும் விழவில்லை. என் வேலையில் தப்பில்லை, அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. அவனை அசெம்ப்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கள்கிழமையிலிருந்து அந்த நாற்காலி எனக்கு.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, யார் மேலும் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதே, அது என்னோடு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் செய்வதை நிறுத்திவிடாதே. இடது கையால் எடுக்க நேரமாகும், மணி அடிக்கட்டும். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினாலும் காட்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஆசிகளுடன்,
உன் அப்பா