எழிலன் ஒதுக்கி வைத்த டம்ளர்

கொடிய வைரஸிடமிருந்து தன் குடும்பத்தை எழிலன் ஒற்றை ஆளாகக் காத்தான். அதாவது, மனைவி யசோதராவின் டம்ளரையும் சோப்பையும் ஒதுக்கி வைத்தான். கருப்பை வாய்ப் பரிசோதனையில் அவளுக்கு எச்.பி.வி. என்ற அந்த வைரஸ் இருப்பது தெரிந்ததிலிருந்து, “எவன்கிட்டேந்து வந்துச்சு?” என்றும் கேட்டுக்கொண்டிருந்தான். மறு பரிசோதனைக்குக் கிளம்பியவள் அந்த டம்ளருக்கடியில் சீட்டு வைத்தாள்:

“யோவ், கொழம்பு அடுப்பு மேல கீது. வெளிய போனா சாவிய எதிர் வூட்டு மலிகாக்காகிட்ட குடு. இது டம்ளர்ல, சோப்புல ஒட்டாதாம். ஒண்ணா படுத்தாதான் ஒட்டுமாம். வருசக்கணக்கா சத்தமில்லாம உள்ளயே இருக்குமாம். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு டாக்டருக்கே தெரியாதாம். முக்காவாசிப் பேருக்குத் தானா போய்டுமாம். எனக்குப் போவலன்னா இன்னா பண்றதுன்னு தூக்கமில்லாம பயந்துகினு கீறேன்.”

ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: “நீயும் கூட வந்திருக்கலாம்.”

இத்தனை நாளும் எழிலன் பாயை மட்டும் தனியாகப் போடவில்லை.