ஊசி போட வந்தவள்

முதல் மதிப்பெண் வாங்கிய தோழிக்கு,

கொரோனாவில் நடந்த ஆன்லைன் நர்சிங் வகுப்புகளே சிறந்தவை என்று கல்லூரி விழாவில் பேசினாய். கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவளுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்து, ஊசி போடுவதைப் போனில் வேடிக்கை பார்த்த நான் அதைப் படிப்பென்று சொல்லமாட்டேன்.

நேற்று வார்டு பயிற்சியில், அங்கே படுத்திருக்கும் என் அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏற்ற வந்தாய். நரம்பு சிக்காமல் குத்திக் குத்திக் கை வீங்கியதும், "என்னால முடியலடி" என்று அழுதுகொண்டே ஓடினாய். சிஸ்டர் வந்துதான் ஏற்றினார்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சான்னு கேளு" என்கிறாள். அவளுக்கு விவரம் போதாது.

நாளை வா. என் கையில் குத்திப் பழகு. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
இன்னும் உன் வகுப்பில் இருப்பவள்