மோதகம் அவித்த பிறகு வந்த சந்தேகம்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் லண்டனிலிருந்து முதலில் உங்கள் குரல்தான் கேட்டிருக்கும். இப்போது அக்கா போன் எடுத்தாள். "வழக்கு வெண்டாச்சடி! தம்பியைத் திருப்பி அனுப்புற முடிவை நீதவான் ரத்துச் செய்திட்டார்." நீங்கள் வேலைசெய்த சட்டத்தரணியின் கந்தோரில் கடைசியாகத் தயார்செய்த வழக்கு அது.

பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன். அன்றைக்கே குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு ஓடிப் பயறும் தேங்காயும் வாங்கி நூற்றெட்டு மோதகம் அவித்தேன். மேல்வீட்டு நோர்வேக்காரி எதற்கென்று கேட்க, தம்பிக்கு விசா கிடைத்துவிட்டது என்றேன்.

அடுத்த கிழமை தம்பி கதைத்தான். "விசா எங்கையக்கா? அவை முடிவெடுத்த விதம்தான் பிழையாம். டொக்டரின்ரை கடிதத்தைப் பாக்கேல்லையாம். திரும்ப முடிவெடுக்கச் சொல்லியிருக்கு."

"ஆர் எடுக்கிறது?"

"முதல் மறுத்த அதே அமைச்சுத்தான்."

கடிதத்தைப் பார்த்தோம் என்று ஒரு வரி சேர்த்து மறுபடியும் மறுக்க மாட்டார்களா? நேர்த்தி முடிந்ததென்று பிள்ளையாரும் கையைக் கழுவிவிடுவாரோ? மகள் சிரிக்கிறாள்: "அம்மா, நீங்கள் ஆரைத்தான் நம்புறனீங்கள்?"

அப்போது உங்களையும் நம்பவில்லை அத்தான், அதுதான் சுடுகிறது. எந்த வழக்கிலும் "வெண்டிட்டம்" என்று நீங்கள் சொன்னதில்லை. "திரும்பப் பாக்கச் சொல்லியிருக்கினம்" என்பீர்கள். ஏதோ மறைக்கிறீர்கள் என்று அக்காவிடம் கோள்கூடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் உள்ளதைத்தான் சொன்னீர்கள். ஒருநாளாவது என்னை இருத்தி விளங்கப்படுத்தியிருக்கக் கூடாதா?

நேற்றுத் தீர்ப்பின் பிரதியை மகள் வாசித்துக் காட்டினாள். தம்பியின் முதுகுத் தழும்புகளைப் பற்றி டொக்டர் எழுதியதை ஏன் பார்க்கவில்லை என்று நீதவான் மந்திரியின் ஆட்களைக் கேட்டிருக்கிறார். அவர்கள் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஊரில் ஆமிக்காரர் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது முகாம் வாசலில் அம்மா நாள் முழுக்க நின்று "ஏன்?" என்று கேட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்து அழுதுவிட்டேன்.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை, போக விடவும் மாட்டேன். புதுக் கடிதம் வரட்டும், ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். மறுத்திருந்தால் மறுபடியும் கோட்டுக்குப் போய் நீதவானைக் கொண்டு ஏன் என்று கேட்க வைப்பேன். தம்பி லண்டனில் இருக்கலாம் என்று எழுத்தில் காணும்வரை என் வீட்டில் மோதகம் அவியாது. இந்த நேர்த்தி பிள்ளையாருக்கில்லை, உங்களுக்கு.

உங்களை மட்டும் இப்போது நம்பும்
உங்கள் மச்சாள்,
ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ