மூடாத அடைப்புக்குறிகள்

தோழி,

இன்று காலை கணினியைத் திறந்ததும் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு. அடுக்கடுக்காக உள்ளே போகும் தரவைப் படிக்கும்போது ஒரு லைப்ரரி செயலிழந்துவிடுமாம். பிறர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தந்த நிரல் அது. வாசித்ததும் உன் குரல்தான் கேட்டது.

என் அம்மா இருந்த சிகாமட்டில் ஆறு பெருகிய அந்த மதியம். பள்ளிகளில் திறந்த நிவாரண மையங்களில் எதில் இடமிருக்கிறது என்று காட்டும் இணையப் பக்கம், ஜொகூர் பாருவில் இருந்த நம் சின்ன அலுவலகத்தின் பொறுப்பு. அது திடீரென்று விழுந்தது. எழுப்பினோம், மறுபடி விழுந்தது. சிகாமட்டிலிருந்து அம்மா ஃபோனில், "தண்ணி வாசலுக்கு வந்துருச்சு, எந்த ஸ்கூலுக்குப் போறது?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

"கூட்டம் ஜாஸ்தி லா, இன்னொரு சர்வர் போடுங்க," என்றார் முதலாளி. நீயோ, பக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த தரவுச் செய்திகளைத் திறந்து பார்த்தாய். ஒன்றில் வெறும் அடைப்புக்குறிகள். ஆயிரக்கணக்கில் திறந்தவை, மூடியது ஒன்றுகூட இல்லை.

"பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி. செய்திய படிக்கிற நம்ம லைப்ரரி ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டு உள்ள போயிட்டே இருக்கு. எங்க நிக்கணும்னு யாரும் அதுக்குச் சொல்லல. மெமரி தீர்ந்ததும் சர்வர் படுத்துருது," என்றாய்.

ஓர் ஆழத்துக்கு மேல் போகும் செய்தியை ஏற்காதபடி வரம்பு வைத்தாய். பக்கம் அதன்பின் விழவில்லை. இடமிருந்த பள்ளியைச் சொன்னேன். அம்மா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்.

"நம்மது ஓடுதுல்ல, முடிஞ்சிச்சு," என்றார் முதலாளி.

"இதே லைப்ரரிய எத்தனை ஆஸ்பத்திரி வச்சிருக்கோ, சார்," என்றாய். அதை எழுதியவர்களுக்கு மட்டும் ரகசியமாக விவரம் அனுப்பினாய். அந்த ஓட்டையை யாரும் தவறாகப் பயன்படுத்தக் கூடாதென்று, திருத்தம் வரும்வரை வெளியே மூச்சுவிடவில்லை. நன்றி சொல்ல அவர்கள் பெயர் கேட்டபோது என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாய்.

"நான் அழுததைத் தவிர என்ன செஞ்சேன்?" என்றேன்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தல்ல, போதும்டி."

அடுத்த மழைக்காலத்துக்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. சிம்பாங் ரெங்கத்தில் உன் வீட்டுக்குப் போனபோது, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ ஆபிஸ்ல என்னதாம்மா வேலை செஞ்சா?" என்று கேட்டார். என் அம்மா அன்று எப்படித் தப்பினார் என்று சொன்னேன். கையை அவர் நெடுநேரம் விடவில்லை.

இன்று நாங்கள் பயன்படுத்தும் மற்ற லைப்ரரிகளையும் சோதித்தேன். இன்னொன்றிலும் அதே ஓட்டை. எங்கள் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, அதை எழுதியவர்களுக்கும் தெரிவித்தேன். எந்த ஊர்க்காரர்களோ, முகம்கூடத் தெரியாது. முகம் தெரியாதவர்களுக்காகவும் வேலையை முழுதாக முடிக்கும் பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அது இன்னும் என்னோடு இருக்கிறது.