தட்டை நீட்டியது நான்தான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம் என்கிறார் டாக்டர், அவள்தான் கேட்பதில்லை. மாமாவின் சலவைக்கடையில் புது இஸ்திரி மெஷின் வந்தாயிற்று. அப்புறம், உன் சைக்கிள் கடை வாசலில் இரண்டாவது படி ஆடுகிறது, கொஞ்சம் சிமென்ட் பூசிவிடு, யாராவது தடுக்கி விழப்போகிறார்கள்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். திறப்பு விழா அன்று வழி தவறிவிட்டது என்று போனில் சொன்னேனே, அது பொய். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் வழி தவறுவானா? நீயும் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லப்பா, இன்னொரு நாள் வாங்க" என்றாய். அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

அம்மா முழங்கால் வலியால் வரவில்லை, அன்றைக்கு நானும் மாமாவும் மட்டும் அவனுடைய சலவை வேனில் கிளம்பினோம். எனக்கு மனசே இல்லை. இரண்டு வருஷம் முன்னால் கூடத்தில் அத்தனை பேர் நடுவில், "நாலு சைக்கிளைப் பிரிச்சுப் போட்டுட்டு ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்ப" என்று உன்னைச் சொன்ன வாய் இது. எந்த முகத்தோடு வருவது? பாதி வழியில் சாலையை மறித்து, மாற்றுப் பாதையில் போகச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். கடவுளே வேண்டாங்கிறார், திரும்பிடலாம் என்றேன். மாமா விடவில்லை. அந்த மாற்றுப் பாதை அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது! நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குக் கும்பிட்டேன், ஒரு பஞ்சராவது ஆகட்டும் என்று. கும்பிட்டு முடிக்கவில்லை, டயர் படார் என்றது. வேனில் ஜாக்கி இல்லை. சரி, என் பிரார்த்தனை பலித்துவிட்டது என்று உட்கார்ந்தால், பால் வண்டி ஓட்டி வந்த ஒரு அம்மா நிறுத்தி, "நல்ல காரியத்துக்குப் போறீங்க போல, லேட்டாகக் கூடாது" என்று ஜாக்கியை எடுத்து நீட்டினார். பத்தே நிமிஷத்தில் சக்கரம் மாற்றியாயிற்று. என் சட்டைதான் ஒரே கிரீஸ். மாமா வேனின் பின்பக்கத்திலிருந்து ஏதோ ஓட்டல் சர்வர்களுக்குத் துவைத்த வெள்ளைக் கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிவிட்டான்.

மாமா வேனை நிறுத்தப் போனான், நான் உன் கடை வாசலில் இறங்கினேன். முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். படியில் கால் வைத்தேன், ஆடியது, அங்கேயே நின்றுவிட்டேன். பெரியவர் ஒருவர் கோட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பக்கம் ஜூஸ் வரலையே" என்றார். நான் இவளுடைய அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை மகளே. மேஜையில் இருந்த ஜூஸ் தட்டைத் தூக்கிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நிற்பது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? நீ ஒரு சின்னப் பெண்ணுக்கு சைக்கிள் சீட்டைத் தாழ்த்திக்கொண்டிருந்தாய். திரும்பாமலே கையை நீட்டி ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ண்ணே" என்றாய். உன் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். என் கையிலும் அதே கிரீஸ். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, வேனை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்த மாமாவையும் அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

 திரும்பும்போது மாமா, "ரோட்டக் காட்டி, ஜாக்கி குடுத்து, வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாச்சு. இதுக்கு மேல கடவுள் என்னதான் அத்தான் செய்வாரு, தூக்கிட்டுப் போயி உள்ள வைப்பாரா?" என்று கேட்டான்.  விதி, நேரம் என்று எதன் மேலும் பழிபோட வழியில்லை. அன்றைக்கு எல்லாமே கூடி வந்தது, நான்தான் வரவில்லை.

அம்மாவும் வழி தவறிய கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். இதைத் தபாலில் போட்டதும் அவளிடம் சொல்லிவிடுவேன். நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், தனியாக. கடையைச் சாத்திவிடாதே. கூட்டம் இருந்தாலும் உள்ளே வந்து, அன்றைக்குப் பேசியது தப்பு என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் கைத்தொழில் பெருகட்டும், நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். அந்தப் படி விஷயத்தை மறக்காதே.

தலைகுனிந்து, ஆசிகளுடன்,
உன் அப்பா